மூன்றாவது முறையும் அதே கழுத்து வலி

கேள்வி: எனக்கு 43 வயது. சிங்கப்பூர் ஈசூனில் கணவர், இரண்டு பிள்ளைகள், மாமியாருடன் இருக்கிறேன். பாலர் பள்ளியில் ஆசிரியை. 2016ல் ஒரு நாள் காலையில் மண்டை பிளக்கும் தலைவலி, காய்ச்சல், கழுத்தைக் குனிய முடியவில்லை, வெளிச்சத்தைப் பார்க்க முடியவில்லை. ஐந்து நாள் மருத்துவமனையில் இருந்தேன். "வைரல் மெனிஞ்சைட்டிஸ் (வைரஸால் வரும் மூளையுறை அழற்சி), இனிமேல் வராது" என்று சொல்லி அனுப்பினார்கள். 2021ல் மறுபடியும் வந்தது. அப்போதும் எந்தக் கிருமி என்று தெரியவில்லை. போன மாதம் மூன்றாவது முறை. இந்தத் தடவை முதுகிலிருந்து எடுத்த நீரில் ஹெர்பிஸ் சிம்ப்ளெக்ஸ் 2 என்ற வைரஸ் இருப்பதாகச் சொன்னார்கள்.

என் வீட்டுக்காரர் அந்தப் பெயரைக் கைப்பேசியில் தேடிப் பார்த்ததிலிருந்து இரண்டு வாரமாக முகம் கொடுத்துப் பேசவில்லை. எங்களுக்குத் திருமணமாகி 17 வருடம். நான் தவறு எதுவும் செய்யவில்லை, அதனால் எனக்கு அவர்மேல் சந்தேகம் வருகிறது. ஒவ்வொரு தடவையும் தலைவலி வருவதற்கு இரண்டு நாள் முன்னால் இடுப்புக்குக் கீழே, பின்தொடையில் ஒரு இழுப்பு வலி இருக்கும். இந்தத் தடவை ஒரு நாள் முழுக்கச் சிறுநீரும் சரியாகப் போகவில்லை. கூச்சமாக இருந்ததால் டாக்டரிடம் சொல்லவில்லை. மாதவிடாய் வலிக்கு ஐபுப்ரூஃபன் போடுவேன். என் மூளை கெட்டுப்போகுமா? பள்ளிப் பிள்ளைகளுக்கு என்னிடமிருந்து ஒட்டுமா? இனி வராமலிருக்கத் தினமும் மாத்திரை போடலாமா? டிசம்பரில் திருச்சிக்குப் போக டிக்கெட் போட்டிருக்கிறோம், போகலாமா? மாமியார் "அக்கி எழுதினால் போய்விடும்" என்கிறார்.

பதில்: அன்புள்ள சகோதரிக்கு,

கடிதத்தில் போகிறபோக்கில் நீங்கள் தொட்டுவிட்டுப் போன ஒன்றிலிருந்து தொடங்குகிறேன். பின்தொடை இழுப்பு, அப்புறம் அந்த ஒரு நாள் சிறுநீர்ச் சிக்கல். கூச்சப்பட்டுச் சொல்லாமல் விட்ட அந்த இரண்டும் ஒரு நரம்பியல் மருத்துவரின் காதில் விழுந்திருந்தால், எழுதிக்கொண்டிருந்ததை நிறுத்திவிட்டு நிமிர்ந்து உட்கார்ந்திருப்பார். "தலைவலிதானே, காலைப் பற்றி எதற்குச் சொல்வது" என்று நோயாளிகள் நினைப்பது இயல்புதான். ஆனால் உங்களுக்கு வந்த நோய் தலையில் தொடங்குவதில்லை. அது இடுப்பில் தொடங்குகிறது.

ஹெர்பிஸ் சிம்ப்ளெக்ஸ் 2 உடலுக்குள் ஒருமுறை நுழைந்துவிட்டால், முதுகெலும்பின் கீழ்முனைக்குப் பக்கத்தில் இருக்கும் நரம்பு முடிச்சுகளுக்குள் போய்ப் படுத்துக்கொள்ளும். அங்கிருந்துதான் பிட்டத்துக்கும் பின்தொடைக்கும் சிறுநீர்ப்பைக்கும் நரம்புகள் போகின்றன. வருடக்கணக்கில் சத்தமே இல்லாமல் கிடந்துவிட்டு, ஏதோ ஒரு நாள் அது விழித்துக்கொள்கிறது. அப்போது முதலில் எரிச்சலுக்கு உள்ளாவது அந்த நரம்பு வேர்கள்தான். அதுதான் உங்கள் பின்தொடை இழுப்பு. சிறுநீர்ப்பைக்குப் போகும் நரம்பும் சேர்ந்துகொண்டால் சிறுநீர் முட்டிக்கொண்டு நிற்கும், மலச்சிக்கலும் வரலாம். அந்த நரம்பு வேர்கள் மிதக்கும் நீரும் மூளையைச் சுற்றியிருக்கும் நீரும் ஒன்றேதான், தொடர்ச்சியாக ஓடுவது. அந்த நீருக்குள் வைரஸ் வந்து மூளையுறை வீங்கும்போது தலைவலி, காய்ச்சல், கழுத்து விறைப்பு எல்லாம் தொடங்குகின்றன. நீங்கள் சொல்லும் "இரண்டு நாள் முன்னால்" என்ற கணக்கு இதோடு அழகாகப் பொருந்துகிறது.

இந்த வரிசையை அடுத்த முறை டாக்டரிடம் அப்படியே சொல்லுங்கள். சிறுநீர் நின்றுபோவதை மட்டும் இனிமேல் ஒரு நாள் பொறுத்துப் பார்க்காதீர்கள். முதுகுத்தண்டின் கீழே நரம்பு நசுங்கினாலும் இதே அறிகுறிதான் வரும், அதற்கு மணிக்கணக்கில்தான் அவகாசம்.

உங்கள் மாமியார் சொன்னதைக் கேட்டுச் சிரித்துவிட்டு, பிறகு யோசித்தேன். அவர் வைத்தியத்தில் தவறியிருக்கலாம், ஆனால் குடும்பத்தைச் சரியாகப் பிடித்துவிட்டார்! ஊரில் குயவர் வீட்டுக்குப் போய்க் காவி குழைத்து அக்கி எழுதிக்கொள்வதை நம்மில் பலர் சின்ன வயதில் பார்த்திருப்போம். அந்த அக்கி எப்படி வருகிறது? ஏழு வயதில் சின்னம்மை வருகிறது, ஆறிவிடுகிறது, எல்லோரும் மறந்துவிடுகிறார்கள். அம்மை வைரஸ் மட்டும் போகவில்லை. நரம்பு முடிச்சில் தூங்குகிறது. அறுபது வயதில் விலாப்பக்கம் எரிச்சலெடுத்து, வரிசையாகக் கொப்புளம் கிளம்பி, அக்கி என்று வெளியே வருகிறது. அந்த அறுபது வயதுக்காரரிடம் போய் "போன வாரம் யாரோடு சேர்ந்தாய்?" என்று யாராவது கேட்பார்களா? ஹெர்பிஸ் சிம்ப்ளெக்ஸ் அதே குடும்பத்து வைரஸ், அதே தூங்கும் பழக்கம். (அக்கி எழுதுவதால் உங்களுக்கு ஒரு பயனும் இல்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். மாமியாரிடம் நீங்கள் எப்படிச் சொல்வீர்களோ சொல்லிக்கொள்ளுங்கள்.)

இப்படித் திரும்பத் திரும்ப வந்துபோகும் மூளையுறை அழற்சிக்கு மொல்லாரே மெனிஞ்சைட்டிஸ் என்று பெயர். பியர் மொல்லாரே என்ற பிரெஞ்சு நரம்பியல் மருத்துவர் 1944ல் இதை விவரித்தார். மூளைச்சாவு என்று இன்று நாம் சொல்வதை 1959ல் முதன்முதலில் தெளிவாக வரையறுத்தவர்களிலும் அவர் ஒருவர். இந்த நோய்க்கு அவர் வைத்த நீளமான பிரெஞ்சுப் பெயரில் "தீங்கற்ற" என்ற பொருளுள்ள சொல்லும் இருந்தது. நோயாளிக்குத் தீங்கற்றதாகத் தோன்றாது, அது எனக்குத் தெரியும். நாலைந்து நாள் படுத்தி எடுத்துவிட்டுத் தானாகவே அடங்கிவிடும், நிரந்தரச் சேதம் வைத்துப்போவது அரிது என்ற பொருளில் சொன்னார். காரணம் என்னவென்று அவருக்குத் தெரியாது. நீரில் இருக்கும் வைரஸின் மரபணுத் துணுக்கைக் கண்டுபிடிக்கும் பிசிஆர் பரிசோதனை 1990களில் புழக்கத்துக்கு வந்த பிறகுதான், பெரும்பாலானவர்களிடம் ஹெர்பிஸ் சிம்ப்ளெக்ஸ் 2 இருப்பது தெரிந்தது.

2016ல் "இனிமேல் வராது" என்று சொன்ன மருத்துவர்மேல் கோபப்படாதீர்கள். வைரஸால் வரும் மூளையுறை அழற்சியில் பெரும்பங்கு என்டரோவைரஸ் என்ற கூட்டத்தால் வருவது. பாலர் பள்ளி ஆசிரியைக்கு அவர்களை நான் அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. கை, கால், வாய்ப்புண் நோய் வந்து ஒரு வகுப்பையே இழுத்து மூட வைப்பது அந்தக் கூட்டம்தான். பிள்ளைகளோடு புழங்கும் ஒருவர் மெனிஞ்சைட்டிஸோடு வந்தால் யாருக்கும் முதலில் தோன்றுவது அதுதான், அது பொதுவாக ஒருமுறை வந்துவிட்டுப் போய்விடும். 2021ல் வைரஸ் கிடைக்காததும் புரிந்துகொள்ளக்கூடியதே. நீரை எடுப்பதில் சில நாள் தாமதமானால் பிசிஆரில் சிக்காமல் போவதுண்டு.

சரி, இனி உங்கள் வீட்டு விஷயம். கடிதத்தில் பாதி இடம் இதற்குத்தான் போயிருக்கிறது, பதிலிலும் அப்படியே போகட்டும்.

ஹெர்பிஸ் சிம்ப்ளெக்ஸ் 2 பெரும்பாலும் உடலுறவு மூலம் தொற்றுவது. உங்கள் கணவர் கைப்பேசியில் படித்தது அந்த அளவில் சரி. ஆனால் அவர் தேடிய பக்கத்தில் தேதி இருந்திருக்காது. இந்த வைரஸ் உடலில் இருப்பதைப் பார்த்து அது எப்போது வந்தது என்று உலகத்தில் எந்தப் பரிசோதனையாலும் சொல்ல முடியாது. போன மாதம் விழித்தது என்பது மட்டும்தான் தெரியும். நுழைந்தது 2016க்கு முன்னால் என்று நான் ஊகிக்கிறேன், உங்கள் முதல் இரண்டு தாக்குதல்களும் இதே அச்சில் இருப்பதால். அதற்கு முன் எத்தனை வருடம்? ஐந்தா, பத்தா, இருபதா? உங்கள் திருமணத்துக்கு முன்பா பின்பா? உங்களிடமிருந்தா, அவரிடமிருந்தா? யாராலும் சொல்ல முடியாது. தாக்குதல் வந்த தேதியை வைத்துத் துரோகத்தின் தேதியைக் கணக்குப் போடுவது, அறுபது வயது அக்கியை வைத்துப் போன வாரத்தைக் கணக்குப் போடுவது மாதிரிதான்.

இன்னொன்று. 15 முதல் 49 வயது வரை உள்ளவர்களில் உலகம் முழுக்கச் சுமார் 13 விழுக்காட்டினருக்கு, அதாவது 52 கோடிப் பேருக்கு, இந்த வைரஸ் இருப்பதாக உலகச் சுகாதார நிறுவனம் மதிப்பிட்டிருக்கிறது. எம்ஆர்டி ரயில் பெட்டியில் காலை நேரத்தில் உங்களோடு நின்றுகொண்டு வருபவர்களில் பல பேர். அவர்களில் பெரும்பாலோருக்கு ஒரு கொப்புளம்கூட வந்திருக்காது, அல்லது வந்ததைப் பூச்சிக்கடி, வியர்வைப் புண் என்று நினைத்து விட்டிருப்பார்கள். திரும்பத் திரும்ப மெனிஞ்சைட்டிஸ் வருகிறவர்களிலும் பலருக்குப் பிறப்புறுப்பில் புண் வந்த நினைவே கிடையாது. உங்களுக்கும் அப்படித்தான் என்று தெரிகிறது. தனக்கு இருப்பதே தெரியாத ஒருவர் மனைவிக்கோ கணவனுக்கோ அதைக் கொடுத்திருந்தால் அதில் ஏமாற்று எங்கே இருக்கிறது?

"இரண்டு பேரும் ரத்தப் பரிசோதனை செய்துகொண்டால் உண்மை தெரிந்துவிடுமே" என்று உங்களில் ஒருவர் கிளம்பக்கூடும். அவசரப்பட வேண்டாம். அந்தப் பரிசோதனை, உடல் இந்த வைரஸை எப்போதாவது சந்தித்திருக்கிறதா என்பதை மட்டும்தான் காட்டும். சில சமயம் இல்லாததை இருப்பதாகவும் காட்டும். இரண்டு பேருக்கும் இருந்தால் யாரிடமிருந்து யாருக்கு என்று தெரியாது. உங்களுக்கு இருந்து அவருக்கு இல்லையென்றாலும், 17 வருடமாக அவருக்குத் தொற்றாமல் இருந்திருக்கிறது என்பதற்கு மேல் அதில் ஒரு செய்தியும் இல்லை, அப்படி நடப்பதும் உண்டு. கேள்வியே தவறாக இருக்கும்போது பரிசோதனையால் பதில் வராது. அவருக்குத் தொற்றியிருக்கிறதா, தொற்றாமல் காப்பது எப்படி என்பது கேள்வியானால், அப்போது பரிசோதனைக்கு அர்த்தம் உண்டு.

என் ஆலோசனை இதுதான்: அடுத்த சந்திப்புக்கு அவரையும் அழைத்துக்கொண்டு போங்கள். "டாக்டர் உங்களையும் வரச் சொன்னார்" என்று என் பெயரைச் சொல்லியே அழைக்கலாம், ஆட்சேபமில்லை. இதே விளக்கத்தை அவர் தன் காதால் ஒரு டாக்டரிடம் கேட்பதற்கும், நீங்கள் சமையலறையில் நின்று சொல்வதற்கும் நிறைய வித்தியாசம் உண்டு. நான் பார்த்த தம்பதிகளில் பல கணவர்கள் அறைக்குள் வரும்போது கைகட்டிக்கொண்டு சுவரைப் பார்த்து உட்கார்ந்திருப்பார்கள். "சின்னம்மை வந்திருக்கிறதா உங்களுக்கு?" என்று கேட்டால், வந்த வயது, யார் வேப்பிலை கட்டினார்கள், எத்தனை நாள் பள்ளிக்கூடம் போகவில்லை என்று சொல்ல ஆரம்பிப்பார்கள். அந்த இடத்தில் கை தானாக அவிழும்.

மூளை கெட்டுப்போகுமா என்று கேட்டிருக்கிறீர்கள். இரண்டு நோய்கள் இங்கே ஒரே பெயரில் குழம்புகின்றன. நம் வீடுகளில் "மூளைக்காய்ச்சல்" என்று ஒரே சொல்லில் சொல்லிவிடுகிறோம். மூளையைச் சுற்றியிருக்கும் உறை வீங்குவது மெனிஞ்சைட்டிஸ். மூளையே வீங்குவது என்செஃபலைட்டிஸ். ஹெர்பிஸால் வரும் என்செஃபலைட்டிஸ் உயிருக்கு ஆபத்தானது, நினைவையும் பேச்சையும் நிரந்தரமாகக் குலைத்துவிடக்கூடியது. ஆனால் பெரியவர்களில் அதைக் கொண்டுவருவது பெரும்பாலும் உதட்டில் கொப்புளம் வரவழைக்கும் ஹெர்பிஸ் 1. உங்களுக்கு வந்தது உறை வீங்கும் நோய், மூன்று முறையும் அறிவு தெளிவாக இருந்திருக்கிறது. தாக்குதல் முடிந்த பிறகு சில வாரங்கள் சோர்வு, லேசான தலைவலி, வகுப்பில் பிள்ளை பெயர் சட்டென்று வராமல் தடுமாறுவது இதெல்லாம் இருக்கலாம். அது சேதம் இல்லை. மூன்றாம் நாளே வேலைக்குக் கிளம்பிவிட்டு "எனக்கு ஏன் இன்னும் சரியாகவில்லை" என்று கேட்பவர்களைத்தான் அதிகம் பார்க்கிறேன். எம்சி (மருத்துவ விடுப்புச் சான்று) கொடுத்தால் முழுசாக எடுத்துக்கொள்ளுங்கள். அதில் நோயின் பெயரை எழுத வேண்டாம் என்று கேட்கவும் செய்யலாம்.

ஆனால் ஒரு எச்சரிக்கை. மூன்று முறை வந்துவிட்டது, எனக்கே தெரியும், நாலாவது முறை வீட்டிலேயே பனடோல் (பாராசிட்டமால்) போட்டுப் படுத்துக்கொள்கிறேன் என்று மட்டும் முடிவெடுக்காதீர்கள். பழகிப்போன நோயாளிகள் விழும் குழி இதுதான். பாக்டீரியாவால் வரும் மெனிஞ்சைட்டிஸும் இதே தலைவலி, இதே காய்ச்சல், இதே விறைத்த கழுத்தோடுதான் தொடங்கும். அது சில மணி நேரத்தில் ஆளைக் கொண்டுபோய்விடும். இங்கே 2015ல் பச்சை நன்னீர் மீன் சாப்பிட்டவர்களுக்கு வந்த பி பிரிவு ஸ்ட்ரெப்டோகாக்கஸ் என்ற பாக்டீரியாவின் தொற்று உங்களுக்கு நினைவிருக்கலாம். நல்ல ஆரோக்கியமாக இருந்த பெரியவர்களில் சிலருக்கு அது மெனிஞ்சைட்டிஸாக வந்தது. அந்த வருடக் கடைசியில்தான் உணவுக் கடைகளில் பச்சையாகவே சாப்பிடும் நன்னீர் மீன் உணவுகளை விற்பது தடை செய்யப்பட்டது. உங்களுக்கு ஏற்கனவே ஒரு வைரஸ் இருக்கிறது என்பதற்காக பாக்டீரியா உங்களை விட்டுவைக்கும் என்று ஒப்பந்தம் ஒன்றும் இல்லை. வெளியிலிருந்து பார்த்து இரண்டையும் பிரிக்க எனக்கும் தெரியாது, எந்த டாக்டருக்கும் தெரியாது. நீரைப் பார்த்தால்தான் தெரியும்.

அந்த நீர் எடுப்பதை நினைத்துத்தான் பலர் மருத்துவமனைக்குப் போகாமல் தள்ளிப்போடுகிறார்கள். நீங்கள் மூன்று முறை படுத்து எழுந்தவர், ஆனாலும் உள்ளே என்ன நடந்தது என்று யாரும் உட்கார்ந்து சொல்லியிருக்க மாட்டார்கள். இறால் மாதிரிச் சுருண்டு படுங்கள் என்று சொல்லியிருப்பார்கள். அப்படிச் சுருளும்போது முதுகெலும்புகளுக்கு நடுவே இடைவெளி விரிகிறது. ஊசி போவது இடுப்பு எலும்பின் மேல்விளிம்பு மட்டத்தில் அல்லது அதற்குச் சற்றுக் கீழே. தண்டுவடம் அதற்கு மேலேயே முடிந்துவிடுகிறது, அதனால் "ஊசி குத்திக் கால் விழுந்துவிடும்" என்ற பயம் தேவையில்லை. ஊசிமுனையில் ஒவ்வொரு துளியாகக் கோத்துக்கொண்டு வரும். நாங்கள் எண்ணிட்ட குழாய்களில் ஒவ்வொன்றாகப் பிடிப்போம். முதல் துளியைப் பார்க்கும்போதே ஒரு படபடப்பு, இத்தனை வருடத்துக்குப் பிறகும் எனக்கு. வைரஸ் என்றால் பெரும்பாலும் பார்வைக்குப் பச்சைத் தண்ணீர் போலத் தெளிவாக இருக்கும். பாக்டீரியா என்றால் அரிசி களைந்த நீர் மாதிரிக் கலங்கி வரும். பிறகு ஆய்வுக்கூடத்தில் வெள்ளணுக்களின் எண்ணிக்கை, எந்த வகை, சர்க்கரை எவ்வளவு, புரதம் எவ்வளவு என்று பார்ப்பார்கள். சர்க்கரை மிகவும் குறைந்திருந்தால் பாக்டீரியாவையும், நம் ஊர்ப் பக்கம் போய்வருபவர்களாக இருந்தால் காசநோயையும் யோசிக்க வேண்டும். எடுப்பது ஐந்து, பத்து மில்லிலிட்டர். உடல் ஒரு நாளைக்கு ஏறக்குறைய 500 மில்லிலிட்டர் சுரக்கிறது. நீங்கள் வார்டுக்குத் திரும்புவதற்குள் எடுத்ததை உடல் ஈடுகட்டியிருக்கும். எழுந்து உட்கார்ந்தால் வலித்து, படுத்தால் குறையும் தலைவலி அடுத்த நாள் வந்தால் அது ஊசித் தலைவலி, நோய் திரும்பியதாகப் பயப்பட வேண்டாம். வார்டில் சொன்னால் பார்த்துக்கொள்வார்கள்.

குழப்பம், பேச்சு தடுமாறுவது, ஆளே மாறியதுபோல நடந்துகொள்வது, வலிப்பு, ஒரு பக்கம் கை கால் பலமிழப்பது, எழுப்பினால் எழாத மயக்கம், உடலில் அழுத்தினாலும் மறையாத ஊதாப் புள்ளிகள். இவற்றில் ஒன்று இருந்தாலும் டாக்சி தேடாமல் ஆம்புலன்ஸுக்கு 995. இதை உங்களுக்குச் சொல்லிப் பயனில்லை, அந்த நேரத்தில் உங்களால் அழைக்க முடியாது. மாமியாருக்கும் மூத்த பிள்ளைக்கும் சொல்லிக்கொடுங்கள்.

தினமும் மாத்திரை போடும் கேள்விக்கு வருகிறேன். பல வருடம் நாங்களே "போட்டால் நல்லதுதானே" என்று நினைத்துக்கொண்டிருந்தோம். சுவீடனில் ஹெர்பிஸ் 2 மெனிஞ்சைட்டிஸ் வந்த 101 பேரை இரு குழுவாகப் பிரித்து, ஒரு குழுவுக்கு வாலசைக்ளோவிர் என்ற ஹெர்பிஸ் வைரஸ் எதிர்ப்பு மாத்திரை 500 மில்லிகிராம் தினம் இரண்டு வேளை, மற்றதற்கு வெற்று மாத்திரை என்று ஒரு வருடம் கொடுத்துப் பார்த்தார்கள். 2012ல் முடிவு வெளியானது. மாத்திரை மெனிஞ்சைட்டிஸைத் தடுக்கவில்லை. அதைவிட வேடிக்கை, நிறுத்திய பிறகு அடுத்த வருடத்தில் மருந்து சாப்பிட்டவர்களுக்குத்தான் அதிகம் திரும்பி வந்தது. அந்த அளவு போதவில்லையோ, கூடுதலாகக் கொடுத்திருக்க வேண்டுமோ என்ற விவாதம் உண்டு. அடிக்கடி, வருடத்துக்கு இரண்டு மூன்று முறை படுக்கிறவர்களுக்கு நானும் சில சமயம் முயன்று பார்ப்பதுண்டு. ஆனால் உங்களுக்கு ஐந்து வருடத்துக்கு ஒருமுறை வருகிறது. ஐந்து வருடத்தில் ஒரு வாரத்தைத் தடுக்க, தடுக்குமா என்றே தெரியாத மாத்திரையை மூவாயிரத்துக்கும் மேற்பட்ட தடவை விழுங்குவதா? நான் உங்கள் இடத்தில் இருந்தால் போட மாட்டேன்.

அதே மாத்திரைக்கு வேறொரு பயன் உண்டு. துணைவருக்குத் தொற்று பரவுவதைத் தினம் ஒரு வேளை 500 மில்லிகிராம் ஏறக்குறைய பாதியாகக் குறைக்கிறது என்று 2004ல் வெளியான ஆய்வு காட்டியது. உங்கள் கணவருக்கு இன்னும் தொற்றவில்லை என்று தெரியவந்தால் இதைப் பற்றியும் ஆணுறை பற்றியும் பேசலாம். அது வேறு கணக்கு, மெனிஞ்சைட்டிஸோடு சேர்த்துக் குழப்பிக்கொள்ள வேண்டாம்.

தாக்குதல் வந்து மருத்துவமனையில் சேர்ந்தால் அதே வகை மருந்தான அசைக்ளோவிரை ரத்தக் குழாய் வழியாக எட்டு மணி நேரத்துக்கு ஒருமுறை கொடுப்பார்கள், தேறிய பிறகு மாத்திரைக்கு மாற்றுவார்கள். மருந்தே இல்லாமலும் பலருக்கு அடங்கிவிடும் என்பது உண்மைதான். என்றாலும் என்செஃபலைட்டிஸ் இல்லை என்று உறுதியாகும் வரை யாரும் பந்தயம் கட்ட மாட்டோம். அந்த நாட்களில் தண்ணீர் நிறையக் குடியுங்கள், அந்த மருந்து சிறுநீரகத்தில் படிகமாகப் படியக்கூடியது.

இந்த இடத்தில் உங்கள் ஐபுப்ரூஃபன். அபூர்வமாகச் சிலருக்கு அந்த மாத்திரையே மூளையுறை அழற்சியைக் கொண்டுவரும். போட்ட சில மணி நேரத்தில் இதே காய்ச்சல், இதே கழுத்து. லூப்பஸ் (உடலின் நோயெதிர்ப்பு உடலையே தாக்குவது) போன்ற நோய் உள்ளவர்களிடம் இது அதிகம். சில நுண்ணுயிர்க்கொல்லி மாத்திரைகளும் இப்படிச் செய்யும். போன மாதம் உங்கள் நீரில் வைரஸே அகப்பட்டுவிட்டதால் மூன்றாவது தாக்குதலின் குற்றவாளி யார் என்பதில் சந்தேகமில்லை. ஆனால் 2021ல் என்ன நடந்தது? மாதவிடாய் நாட்களில் வந்ததா, முதல் நாள் மாத்திரை போட்டீர்களா என்று யோசித்துப் பாருங்கள். ஞாபகம் வராவிட்டால் பரவாயில்லை. இனிமேல் போடும்போது தேதியை நாட்காட்டியில் குறித்துவையுங்கள், அதுவரை பாராசிட்டமால் போதும். அசைக்ளோவிர் ஓடிக்கொண்டிருக்கும்போது ஐபுப்ரூஃபன் வேண்டவே வேண்டாம், இரண்டும் சேர்ந்து சிறுநீரகத்தைப் படுத்தும். இதுவரை மூளைக்கு எம்ஆர்ஐ எடுக்கவில்லையென்றால் ஒருமுறை எடுப்பார்களா என்று கேளுங்கள். மூளைக்குப் பக்கத்தில் இருக்கும் ஒரு வகை நீர்க்கட்டி கசிந்தாலும் இப்படித் திரும்பத் திரும்ப வரும். உங்களுக்கு அப்படி இருக்கும் என்று நான் நினைக்கவில்லை. எச்ஐவி பரிசோதனையும் செய்யச் சொல்வார்கள். யாருக்குத் திரும்பத் திரும்ப மெனிஞ்சைட்டிஸ் வந்தாலும் கேட்பது வழக்கம்தான், அதிலும் மனம் நோக வேண்டாம்.

பள்ளிப் பிள்ளைகளுக்கு ஒட்டாது. ஒரே குவளையில் குடித்தாலும், மடியில் வைத்துக்கொண்டாலும், மூக்கைத் துடைத்துவிட்டாலும் ஒட்டாது. மூளையுறையில் இருக்கும் வைரஸ் தும்மலில் வெளியே வருவதில்லை. தலைமையாசிரியருக்குச் சொல்ல வேண்டிய கட்டாயமும் இல்லை.

திருச்சிக்குப் போய் வாருங்கள். தாக்குதல் முடிந்து ஒரு மாதத்துக்கு மேல் ஆகியிருக்கும், விமானத்தில் ஏறுவதால் இது திரும்புவதில்லை. தூக்கமில்லாமல் அலைவதும் மன உளைச்சலும் தூண்டுகின்றன என்று பல நோயாளிகள் சொல்வார்கள், ஆனால் அதற்காகப் பயணத்தையே விட்டுவிட வேண்டாம். போகுமுன் மருத்துவமனை கொடுத்த சுருக்கத் தாளையும் நீர்ப் பரிசோதனை முடிவையும் கைப்பேசியில் படம் எடுத்துக்கொள்ளுங்கள், கணவரின் கைப்பேசியிலும் இருக்கட்டும். அங்கே அவசரமாக ஒரு மருத்துவமனைக்குள் நுழைய நேர்ந்தால், புதிதாகப் பார்க்கும் மருத்துவர் உங்களுக்கு ஒற்றைத் தலைவலி என்று ஊசி போட்டு அனுப்பிவிடக்கூடாது. கைப்பைக்குள் ஒரு சிறு தாளில் இதை எழுதி வையுங்கள், இங்கே ஈசூனிலும் உதவும்:

"எனக்கு ஹெர்பிஸ் சிம்ப்ளெக்ஸ் 2 வைரஸால் மூளையுறை அழற்சி திரும்பத் திரும்ப வருகிறது. 2016, 2021, பிறகு மூன்றாவது முறை. கடைசி முறை பிசிஆரில் உறுதியானது. தொடங்குவதற்கு முன் பின்தொடையில் வலி வரும், கடைசி முறை சிறுநீர் அடைப்பும் இருந்தது. வலிக்குப் பாராசிட்டமால் மட்டும் போடுகிறேன். தயவுசெய்து பாக்டீரியா இல்லை என்று உறுதிசெய்துகொள்ளுங்கள்."

கீழே கணவரின் தொலைபேசி எண்ணை அவர் கையாலேயே எழுதச் சொல்லுங்கள்.